கேட்டு பேண்ட்

லாரி டிரைவரின் உடை பாதியில் நின்றுவிடும். மேலே காக்கிச் சட்டை, கீழே கைலி. சாலையில் கை காட்டி நிறுத்தும் போலீஸ்காரருக்குக் கதவுக்கு மேலே தெரிவதுதான் டிரைவர், அதனால் சட்டையில் நாங்கள் குறை வைப்பதில்லை. நான் இஸ்திரி போட்டுத்தான் மாட்டுவேன். இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பத்தொன்பது வருடமாக யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

தட்டாஞ்சாவடியில் நான் லோடு இறக்கும் கம்பெனியில் மட்டும் அது செல்லாது. பேண்ட்டும் ஷூவும் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையின் ஆணியில் ஒரு நீலப் பேண்ட் தொங்கும், கீழே ஒரு ஜோடி ஷூ இருக்கும். இரண்டும் வில்லியனூர்க்காரர் ஒருவருடையவை. எங்களில் மூத்த டிரைவர் அவர், எல்லோருக்கும் அண்ணன். உள்ளே இடம் குறைவு, ஒரு வண்டி வெளியே வந்தால்தான் அடுத்த வண்டி போகும். வெளியே வருகிறவர் பேண்ட்டைக் கழற்றிக் கொடுக்க, உள்ளே போகிறவர் மாட்டிக்கொள்வார். ஆறு டிரைவர்களுக்கு ஒரு பேண்ட். அண்ணனுக்கு நாற்பது அங்குல இடுப்பு, ஆகவே அந்தப் பேண்ட்டுக்குள் நுழையாத ஆள் கிடையாது. என்னைப் போன்ற ஒல்லிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் கயிற்றில் ஒரு துண்டு போதும். அதற்குக் கேட்டு பேண்ட் என்று பெயரே வைத்துவிட்டோம்.

அந்தச் சமயம் அதே கம்பெனி கடலூர் லோடுக்கு ஒரு நிரந்தர டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வேலை. நான் அதுவரை நாக்பூர், இந்தூர் என்று ஓடியவன், இங்கே வருவதே மாதத்துக்கு இரண்டு முறை. என் மகள் ஏழாம் வகுப்பு. அவள் வளர்ந்ததில் பாதியை நான் போனில்தான் பார்த்தேன். அந்த லோடு எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு ஆசையாக நான் எந்த வேலையையும் கேட்டதில்லை.

அன்றைக்கு எனக்கு முன்னால் உள்ளே போய் வந்தவர் அண்ணன். பேண்ட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வண்டியை உள்ளே விட்டேன். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி, முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், நோட்டும் பேனாவுமாக வந்தார். கடலூர் லோடுக்கு விண்ணப்பித்தவர்களைப் பற்றி எழுதிக் கொடுப்பது அவர்தான்.

"லைசென்ஸ் காட்டுங்க."

பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டேன். பிளாஸ்டிக் உறை ஒன்று அகப்பட்டது. நல்ல வேளை, எடுத்து வந்திருக்கிறோம் என்று நிம்மதியாகப் பார்க்காமலே நீட்டினேன். அவர் லைசென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி லைசென்ஸைப் பார்த்தார்.

"இது நீங்களா?"

போட்டோவில் வழுக்கைத் தலையும் முறுக்கு மீசையுமாக அண்ணன் முறைத்துக்கொண்டிருந்தார். என் லைசென்ஸ் வண்டியில் கண்ணாடிக்கு மேலே செருகி இருந்தது. புத்தி வேலை செய்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நான்தான் மேடம். பழைய போட்டோ."

"இதுல உங்களுக்கு அம்பத்தெட்டு வயசு. இப்ப கொறஞ்சிடுச்சா?"

சிரித்து மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. கடலூர் கை நழுவிப் போவது கண்ணெதிரே தெரிந்தது. போகிற வேலை போகட்டும், அண்ணனின் லைசென்ஸாவது பிழைக்கட்டும் என்று பேண்ட், ஷூ, ஆணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கயிற்றையும் காட்டினேன்.

அவர் என்னை அழைத்துக்கொண்டு நேராக டீக்கடைக்கு வந்தார். அண்ணன் அவரைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டிய கைலியை இறக்கி விட்டார்.

"பேண்ட் என்னுதுதாம்மா. தம்பி மேல தப்பு இல்ல."

"பேண்ட் போட்டுக்கினே வண்டி ஓட்டுனா என்னண்ணா?"

"அஞ்சு நிமிஷம் அந்த சீட்டுல குந்திப் பாரும்மா. அப்பறம் நீயே சொல்லு."

சித்திரை மாதம், பகல் பன்னிரண்டு மணி. அண்ணனின் வண்டி வெயிலில் நின்றது. அந்தப் பெண் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் இஞ்சினைப் போட்டுவிட்டார். எங்கள் பழைய வண்டிகளில் இஞ்சின் டிரைவரின் தொடைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஏசி என்பது வீசுகிற காற்றுதான். அண்ணன் சொன்னது ஐந்து நிமிடம், அவர் ஏழு நிமிடம் இருந்து பார்த்துவிட்டு இறங்கினார். முகமெல்லாம் வியர்வை. டீக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

"வண்டியில என்ன வேணா கட்டிக்குங்க," என்றார் அந்தப் பெண். "ஆனா உள்ள இரும்புக் குழாய் உருளுது. போன வருஷம் ஒருத்தருக்குக் கால் வெரல் போயிடுச்சு. அதனால ஆளுக்கு ஒரு பேண்ட், ஆளுக்கு ஒரு ஷூ. மாத்திக்க ஒரு ரூம் கேட்டு வாங்கித் தர்றேன்."

நியாயமான பேச்சு. யாரும் மறுக்கவில்லை. அவர் கிளம்பும்போது நான் பின்னாலேயே போனேன்.

"மேடம், கடலூர் லோடு?"

"ரிப்போர்ட் எழுதுவேன்."

"என்னன்னு?"

"ஒரு பொய் சொன்னாரு, அடுத்த நிமிஷமே உண்மைய சொன்னாருன்னு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே சண்டே மார்க்கெட்டில் முப்பத்திரண்டு அங்குலத்தில் ஒரு கறுப்புப் பேண்ட் வாங்கினேன், கனமான ஷூவும் வாங்கினேன். வீட்டில் காரணம் சொல்லவில்லை, கிடைக்காவிட்டால் என்ன செய்வது? பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள். அதையும் வீட்டில் சொல்லாமல் ஒரு வழியாக வாயை அடக்கி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை கடலூர் போய் வந்து, வண்டியைக் கம்பெனியில் நிறுத்திவிட்டு, பேண்ட்டும் செருகிய சட்டையுமாக நடந்தே லாசுப்பேட்டை வந்தேன். மணி ஐந்தரை. மகள் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் முகத்தில் முதலில் வந்தது பயம்தான்.

"என்னாச்சுப்பா? வண்டி ரிப்பேரா?"

"இல்ல. வேலை முடிஞ்சிடுச்சு."

பத்தொன்பது வருடத்தில் இந்த வீட்டில் நான் அப்படிச் சொன்னதே இல்லை.

"நாளைக்கு எந்த ஊரு?"

"கடலூரு. நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடுவேன்."

அடுப்படியில் இருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். ஷூவிலிருந்து சட்டைக் காலர் வரை ஒரு முறை பார்த்தாள். இரண்டு பேருக்குக் கொதித்துக்கொண்டிருந்த டீயில் இன்னொரு டம்ளர் பாலை ஊற்றினாள்.