அது குளிர் நடுக்கம் இல்லை

ஐந்தருவியில் வெள்ளம் வந்து, குளிக்க விடாமல் கயிறு கட்டினார்களே... அந்த வாரம்தான் என் பெண்டாட்டி செல்லம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க யாரு வீட்டு ஆளு?"

நான் சிரித்தேன். கிண்டல் அவளோடு கூடப் பிறந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

இரண்டு நாளாகவே ஒரு மாதிரி. பகலெல்லாம் தூக்கம். காபியில் உப்பு. ஈரல் கெட்டியாகிவிட்டது என்று போன வருஷமே சொன்னார்கள் — சாராய வாடையே அறியாதவள், சர்க்கரைக்காரி, அதனால் வந்ததாம். ஆனால் ஈரலுக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தோன்றவே இல்லை.

மண்டைச் சூடு என்றே நினைத்தேன். எங்கள் பக்கம் அதற்கு ஒரே மருந்துதான். தலை நிறைய எண்ணெய், அதன்மேல் அருவி. கயிற்றை அவிழ்த்த மறுநாளே ஆட்டோவில் கூட்டிப்போனேன்.

கல்யாணமான புதிதில் அதே அருவியில் என் துண்டைப் பிடித்துக்கொண்டு, "விட்ராதிய! தண்ணி இழுத்துட்டுப் போயி எங்க அம்மா வீட்லயே சேத்துரும்" என்று அலறியவள். இந்தத் தடவை துண்டைத் தேடவே இல்லை. வெளியே வந்ததும், நீட்டிய கை இரண்டும் கோழி இறக்கை மாதிரி அடித்தன.

"என்னட்டி, குளிருதா?"

அருவிக்கரையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "அண்ணாச்சி, இது குளிர் இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு ஈரல் கெட்டப்போ கை இப்படித்தான் அடிச்சிச்சு. எண்ணெ தேச்சது போதும், ஆஸ்பத்திரிக்குப் போங்க."

தென்காசியில் ரத்தம் எடுத்தார்கள்.

"அமோனியா ஏறியிருக்கு தாத்தா. எங்கயோ கிருமி இருக்குன்னும் ரத்தம் காட்டுது. ஈரல் கழிக்காத கழிவு மூளைக்குப் போகுது" என்றது டாக்டர் பிள்ளை. "வெளிக்கி ஒழுங்காப் போறாங்களா? கட்டிக்கிட்டாலும் இது ஏறும்."

எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்தில் ஒருநாள் கேட்டதில்லையே!

வயிறு இளக சிரப், கிருமிக்கு ஊசி. மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சட்டையக் கசக்கிப் போட்டுக்கிட்டு நிக்கிய... நாலு பேரு என்ன நெனைப்பாவ?"

அந்தத் திட்டுக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன்.

இப்போதும் சில நாள் போய்விடுகிறாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள், ஆள் இருக்க மாட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் என் துண்டின் நுனியை அவள் கையில் வைத்துவிடுகிறேன். பிடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே போகிறேன்...

உங்கள் தெருவில் ஈரல் சீக்குள்ள யாராவது இப்படி ஆள் தெரியாமல் பேசினால், அவர்கள் வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள் — அருவி எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்க்கட்டும்.