இடி நின்ற பிறகு என்ன செய்வது

ஜாபர் உசேனுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால், ஸ்பீக்கர் செட்டோடு வரும் கையேட்டின் மேல்தான் வரும். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செட் விற்கும் கடை அவருடையது. அந்தக் கையேட்டைப் பதினெட்டு மொழியில் அச்சடித்திருப்பார்கள். தமிழைத் தேடிப் பிடித்தால் "பொத்தானை நீண்டகாலம் அழுத்தவும்" என்றிருக்கும். எத்தனை வருஷம் என்று கேட்பார் ஜாபர் பாய்.

அன்று, மலைச் சிற்றூர்கள் சில சேர்ந்த தேவனூர் நாட்டிலிருந்து அம்சவேணி மூன்றாம் முறையாகச் செட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் இறங்கினார். மிளகு காயப்போடும்போது பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு வாங்கியது. கடையில் பாடுகிறது, வீட்டுக்குப் போனால் இரண்டே நாளில் ஊமையாகிவிடுகிறது.

"இதை நீங்களே வெச்சுக்குங்க பாய். எனக்கு அவ்வளவு புத்தி இல்லீங்க." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பாய்க்குக் கையேட்டின் மேல் கோபம் வந்துவிட்டது. செட் திரும்பி வந்தால் வரட்டும். ஒரு புத்தகம் இந்த அம்மாவைத் தன்னையே மட்டமாக நினைக்க வைத்துவிட்டதே!

"கடைசியா என்ன பண்ணுனீங்க அம்மிணி?"

"இடி இடிச்சுதுங்க. பிளக்கைப் புடுங்கிப் போட்டேன்."

மலையில் இடிக்குப் பிளக்கைப் பிடுங்காதவர் யார்? கரண்ட் போனால் அந்தச் செட் பாட்டு இருக்கும் பென் டிரைவை மறந்து புளூடூத்துக்குப் போய்விடும். கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள். இடி இடிக்காத ஊரில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் போல.

பாய் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்: "இடி நின்ற பிறகு ரிமோட்டில் மஞ்சள் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். பாட்டு வரும்." இடி இடித்த மாதிரியே செட்டின் பிளக்கைச் சொருகிப் பிடுங்கிவிட்டுத் தாளை அம்சவேணியிடம் கொடுத்தார். தானே போய் அழுத்திவிடக் கூடாதென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அம்சவேணி எழுத்துக்கூட்டிப் படித்து அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார். இல்லை. பாய் முகம் தொங்கிப்போனது. அம்சவேணி தாளைப் பார்த்தார், செட்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங்க பாய், பிளக்கைத் திரும்பச் சொருகோணும்னு இதுல எழுதவே இல்லீங்களே?"

யானைக்கும் அடி சறுக்கும். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அம்சவேணி பிளக்கைச் சொருகி மஞ்சள் பட்டனை இரண்டு முறை அழுத்த, கடை முழுக்கப் பாட்டு.

இப்போது புது மாடல் வந்தால் பாய் தாள் எழுதி, முதலில் செட்டோடு தேவனூர் நாட்டுக்கு பஸ் ஏற்றிவிடுகிறார். அம்சவேணி "சரியா இருக்குதுங்க" என்று போன் செய்த பிறகுதான் அந்த மாடல் விற்பனைக்கு வரும்.