டீக்கடைக்குப் போன மரச்சீனி

2012-இல் நாகர்கோவிலில் பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

சிறைத் தண்டனை முடிந்து படிக்க வந்தவர்கள் எங்கள் கல்லூரியில் மூன்று பேர். அதில் ஒரு அக்கா என் வகுப்பு. மதிய மணி அடித்ததும் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வருவார். ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தார். அதைப் பார்த்துத்தான் கல்லூரிக்குப் பின்னால் கிடந்த தரிசில் அவர்களுக்காகத் தோட்டம் போடக் கிளம்பினேன். அனுமதிக்கு அலைந்ததும், தண்ணீருக்கு விடுதி வார்டனிடம் கெஞ்சியதும், மண்வெட்டி பிடிக்கத் தெரியாத தோழிகளை இழுத்து வந்ததும் என் தலையில்தான். கீரை, வெண்டை என்று வாராவாரம் கொடுத்தேன். அக்கா வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். எட்டாம் மாதம் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கினோம். முதல் பை அவருக்கு.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தால், அதே பையை டீக்கடையில் கொடுத்துவிட்டு ரசவடை தின்றுகொண்டிருக்கிறார்! எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஜெயிலுக்குப் போயும் புத்தி வரல்லியா? சும்மா தந்தத விக்கீங்களே!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதுவரை அங்கே யாருக்கும் அவர் கதை தெரியாது.

அக்கா வடையைக் கீழே வைத்தார். "ஏட்டி, தீ பத்தவைக்கப்பிடாதுன்னு சொல்லித்தான் வீட்டுக்காரன் ரூம் வாடகைக்குத் தந்திருக்கான். பின்ன, கெழங்கப் பச்சையாட்டா தின்னணும்?"

மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அறைக்குப் போனேன். படிப்பு போதுமென்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு அழுதேன். அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

"அழுதா வயிறு நெறையுமா? மொதல்ல ஒரு அடுப்புக்கு வழி பாரு."

மறுபடி வார்டனோடு மல்லுக்கட்டு. தோட்டத்து மூலையில் மூன்று கல் கூட்டி, விடுதியில் ஒதுக்கிப் போட்ட பானையில் மரச்சீனி அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்து வைத்தோம். மற்ற இருவரும் வந்தார்கள். கடைசியாக அக்காவும் வந்தார். என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார். பரீட்சையும் எழுதினார். அந்த டீக்கடைப் பக்கம் மட்டும் பிறகு அவர் போகவே இல்லை.

எட்டு மாதம் கொடுத்துக்கொண்டே இருந்தவள் 'எங்கே வைத்துச் சமைக்கிறீர்கள்' என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்; யாருக்காவது எதையாவது கொடுக்கக் கை நீளும்போதெல்லாம், இன்றும் என் மேல்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.