உன்னை நனைய விடமாட்டேன்

இன்றைய டோக்கியோவான பழைய எடோ நகரத்தின் காண்டா பகுதியில் சேகிச்சியைத் தெரியாத வீடு கிடையாது. தலைக்கு மேல் நிற்கும் புத்தக மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் புத்தகம் வாடகைக்குக் கொடுப்பவன். பேய்க் கதை, போர்க் கதை எல்லாம் வைத்திருந்தாலும் ஜனங்கள் விரும்பிக் கேட்டது நகைச்சுவை நாவலைத்தான். முடிவெட்டும் கடையிலும் குளியல் கூடத்திலும் சாதாரண ஆட்கள் பேசுவதை அப்படியே எழுதிச் சிரிக்க வைக்கும் புத்தகங்கள். அப்படி எழுதுகிற ஒருவர் சேகிச்சியின் சந்திலேயே குடியிருந்தார். அவரைச் சிரிக்க வைத்துவிட்டால் சேகிச்சிக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

ஒரு மழைநாளில் பொதுக் குளியல் கூடத்துக்குப் போயிருந்தான். வெந்நீர்த் தொட்டிப் பக்கம் ஒரே ஆவி, இருட்டு. குடைகளுக்குப் புதுக் காகிதம் ஒட்டித் தரும் கன்பெய் உள்ளே வந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆனவர். மூலையில் சேகிச்சி இருப்பது அவருக்குத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒதாகி... ஒழுகாத வீடுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா உன்னை நனைய விடமாட்டேன்."

குரலைத் தாழ்த்தி இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். ஒதாகி, விலாங்கு மீன் சுட்டு விற்கும் விதவை.

சேகிச்சி தலைகூடத் துவட்டாமல் எழுத்தாளர் வீட்டுக்கு ஓடினான். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வசந்தத்தில் புத்தகம் வந்தது. அதில் குடைக்காரர் இதே வசனத்தைச் சொல்ல, குளியல் கூடத்து இருட்டிலிருந்து ஒரு கிழட்டுச் சாமியார், "சரிப்பா, என்னைக்குக் குடிவரட்டும்?" என்கிறார். காண்டாவே சிரித்தது. கன்பெய் தெருவில் நடந்தால் மீன்காரன் கூவினான்: "அண்ணே, என்னையும் நனைய விடமாட்டீங்கதானே?"

எழுதப் படிக்கத் தெரியாத கன்பெய், சேகிச்சியிடமே வந்து நின்றார். "தம்பி, ஊரே ஏதோ புத்தகத்தைச் சொல்லிச் சிரிக்குது. எனக்கும் படிச்சுக் காட்டேன்."

சேகிச்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். புத்தகத்தை விரித்து, குடைக்காரரை மாவுருண்டை விற்பவராக்கினான். "உன்னைப் பசிக்க விடமாட்டேன்" என்று வசனத்தையும் மாற்றினான். கன்பெய் நன்றாகவே சிரித்துவிட்டு எழுந்து போனார்.

அந்த மாதமே அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புகாகாவாவுக்குக் குடிபோய்விட்டார். காரணத்தை ஒதாகிதான் சொன்னாள்.

"என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்க வந்தாரு, சேகிச்சி. வேற வார்த்தை வரல போல, அதே 'ஒழுகாத வீடுன்னு'ன்னுதான் ஆரம்பிச்சாரு. எனக்கு அந்தச் சாமியார் ஞாபகம் வந்துருச்சு. சிரிச்சுட்டேன். அடக்க அடக்கப் பொத்துக்கிட்டு வருது. குனிஞ்சு வணங்கிட்டுப் போயிட்டாரு. சரின்னு சொல்லத்தான் இருந்தேன்." அடுப்பு விசிறியைக் கீழே வைத்தாள். "எந்தப் பாவி அந்த எழுத்தாளர்கிட்டப் போய்ச் சொன்னானோ."

"நான்தான்."

அவள் விசிறியை மறுபடி எடுத்துக்கொண்டாள். "அப்ப நீயே போய்க் கூட்டிட்டு வா."

புகாகாவாவில் கன்பெய் குடைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். சேகிச்சி தரையில் நெற்றி படக் குனிந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"நீ படிச்சப்பவே தெரியும்" என்றார் அவர். "எனக்கு எழுத்துதான் தெரியாது, படம் தெரியாதா? நீ மாவுருண்டைங்கற. படத்துல ஒருத்தன் கிழிஞ்ச குடையோட நிக்கிறான், மோவாயில என் மச்சம் வேற."

"அப்புறம் ஏண்ணே சிரிச்சீங்க?"

"உனக்கு ஊத்தின வேர்வையைப் பாத்து."

"ஒதாகி அக்கா வரச் சொன்னாங்க. சரின்னு சொல்லத்தான் இருந்தாங்களாம்."

கன்பெய் கை நின்றது. "நான் வந்தா, அதையும் அந்த எழுத்தாளர்கிட்டப் போய்ச் சொல்லுவியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை. வரும்போது பாலத்தின் மேலேயே, கையில் விசிறியோடு ஒதாகி சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை எப்படிச் சொன்னால் எடுபடும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான்.

"போப்பா" என்றார் கன்பெய், கோபமில்லாமல். அவர் கடைசிவரை காண்டாவுக்குத் திரும்பவில்லை.

ஒதாகி சிரித்த கதையைச் சேகிச்சி யாரிடமும் சொல்லவில்லை. "என்னய்யா, இப்பல்லாம் உன் காதுல ஒண்ணும் விழறதில்லையா?" என்று எழுத்தாளர் கேட்கும்போதெல்லாம், காது மந்தமாகிவிட்டது என்பான். மூட்டையில் அந்தக் குடைக்காரர் புத்தகம் மட்டும் ஒருநாளும் தங்கியதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் அதைத்தான் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் பிரிப்பதற்குள் படியிறங்கிவிடுவான்.