மோர் குடிக்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகாத ஆம்பிளை நான் ஒருவன்தான். போக மாட்டேன் என்று அடம் பிடிக்கவில்லை, போய்ப் பார்த்தாயிற்று. கட்டுமரம் அலையைத் தாண்டுவதற்குள் என் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். மூன்று தடவை கூட்டிப்போன என் அண்ணன் நாலாவது தடவை, "நாம மீன் புடிக்கப் போறமா, மீனுக்குச் சோறு போடப் போறமா?" என்று கேட்டுவிட்டு என்னைக் கரையிலேயே விட்டுவிட்டார். அதற்கப்புறம் அவர் பிடித்து வருவதைக் கூடையில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, வில்லியனூரிலிருந்து விழுப்புரம் வரைக்கும் ரோட்டோர ஊர்களில் விற்பது என் பிழைப்பாயிற்று.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி, எல்லையில் கூடையைக் கிளறிப் பார்க்கும் சுங்கக்காரர்களும் போன பிறகு அந்த ரோடு எனக்குச் சொந்த வீட்டு நடை மாதிரி ஆகிவிட்டது. எந்தப் புளியமரத்தடியில் நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்றுகூடத் தெரியும்.

அப்போதுதான் ஊரில் அந்தச் சைக்கிள் பந்தயம் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர் கருவடிக்குப்பத்தில் இருந்த ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். இவர் சைகோன் வரை போய் வந்தவர், யாரையும் பிரெஞ்சுக்காரர் மாதிரி 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். கடற்கரையில் கிளம்பி, கோரிமேடு ஏறி, திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை. ராத்திரி அங்கே படுத்துவிட்டு, மறுநாள் திருக்கோவிலூர், விழுப்புரம் வழியாகத் திரும்பக் கடற்கரை. நூற்று முப்பது மைல் சொச்சம். தூரம் பெரிதல்ல, சட்டம்தான் பெரிது. சாப்பாடு, படுக்கை, பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் சைக்கிளிலேயே இருக்க வேண்டும். கடையில் காசு கொடுத்து வாங்கலாம், கிணற்றில் தானே இறைத்துக் குடிக்கலாம். ஆனால் எவரும் எதையும் கையில் கொடுக்கக் கூடாது. கொடுத்து வாங்கினால் பேரை அடித்துவிடுவார்கள்.

நாற்பது வயதில், முன்னால் தள்ளிய வயிற்றோடு நான் ஏன் பேர் கொடுத்தேன் என்று பலர் கேட்டார்கள். பரிசுக்காக என்று சொல்லிவைத்தேன், சிரிக்க வசதியாக இருக்கட்டும் என்று. உண்மை வேறு. எங்கள் குப்பத்தில் தனியாகப் போய், முழுசாகத் திரும்பி வந்தவனைத்தான் ஆள் என்பார்கள். என் அண்ணன் அப்படி ஆயிரம் தடவை திரும்பியவர். நான் ஒரு தடவையாவது திரும்ப வேண்டும் என்று இருந்தது.

முதல் வருஷம் திரும்பவில்லை.

அது பங்குனி வெயில். திருவண்ணாமலை போய், விழுப்புரமும் தாண்டி, வளவனூருக்கு வந்துவிட்டேன். அங்கே ஒரு அம்மாள் ஏழெட்டு வருஷமாக என்னிடம் மீன் வாங்குகிறவர். வெள்ளிக்கிழமையில் கத்தரிக்காயும் மற்ற நாளில் சங்கரா மீனும் சமைக்கிற வீடு. என்னைக் கண்டதும் ரோட்டுக்கே ஓடி வந்து ஒரு சொம்பு மோரை நீட்டினார். நான் யோசிக்கவே இல்லை. அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் நின்றது. சொல்தா.

"முசியே, என்னா குடிக்கிறீங்க?"

"மோருங்க."

"காசு குடுத்து வாங்குனதா?"

நான் அந்த அம்மாளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காசா? எங்க வூட்டு மோருக்கா? இந்தத் தெருவுல எவளாவது மோரு வித்துப் பாத்துருக்கியாய்யா நீ?"

சொல்தா அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் பேரை அடித்தார். போகும்போது, "ரெண்டாந்தரம் அடிபட்டா மூணாந்தரம் பேர் எழுத மாட்டேன், முசியே. பட்டாளத்துலயும் அதான் சட்டம்" என்றார். மீதி மோரையும் குடித்துவிட்டு மெதுவாக வீட்டுக்கு வந்தேன். எதற்கு வீணாக்க வேண்டும்.

குப்பத்தில் ஒரு வருஷம் முழுக்க என் பேர் மோர்தான்.

அடுத்த வருஷம் நான் மறுபடி பேர் கொடுத்தேன். என் மனைவியும் மீன் விற்கிறவள்தான். தலையில் கூடையோடு ரயிலேறி, வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கி விற்பாள். விஷயம் கேட்டதும் என் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு என் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"மாமா, கடலுக்கு ரெண்டு நாளுக்குப் போறீங்கன்னா என்னா கொண்டுட்டுப் போவீங்க?"

அண்ணன் பீடியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "தண்ணி. அப்பறம் தண்ணி. அப்பறம் அறுந்தா முடிச்சுப் போடக் கவுறு. சோறு கடைசி."

"இவரு போன வருசம் என்னா எடுத்துட்டுப் போனாரு தெரியுமா? சீப்பு, கண்ணாடி, ரெண்டு வேட்டி, ஒரு சட்டை."

"பொண்ணு பாக்கப் போனானா?"

"போட்டோ புடிப்பாங்கன்னு சொன்னாங்க" என்றேன் நான். இருவரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

அன்றிலிருந்து என்னைக் கடலுக்கு அனுப்புகிற மாதிரியே தயார் செய்தார்கள். அண்ணன் தன் கட்டுமரத்தின் பழைய பாய்த்துணியைக் கொடுத்தார். உப்பு ஏறி மாட்டுத் தோல் மாதிரி விறைத்த துணி. என் மனைவி அதை சைக்கிள் சட்டத்தின் முக்கோணத்துக்குள் சரியாக உட்காருகிற மாதிரி வெட்டி, வலை பின்னும் நூலால் ஒரு பை தைத்தாள். முழங்கால் உரசாமல் இருக்க மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். கேரியரில் கட்டுகிற மூட்டைக்கு அடியில், கூடை சுமக்கும்போது தலையில் வைக்கிற சும்மாட்டைச் சுருட்டி வைத்தாள். எத்தனை குண்டு குழியில் விழுந்தாலும் மூட்டை அசையவில்லை. நான் பத்து வருஷமாக அதே கேரியரில் மீன் கட்டுகிறேன். என் கூடை வில்லியனூர் போவதற்குள் நாலு தடவை சாயும். ஒரு நாளும் எனக்கு இது தோன்றியதில்லை.

அவல், வெல்லம், வறுத்த கருவாடு, உப்பு. ஒவ்வொன்றும் எங்கே, எப்போது சாப்பிட வேண்டும் என்பதுவரை அவள் சொன்னாள். "பசிச்சப்பறம் தின்னா அது வேலைக்காவாது. கோரிமேட்டு மேட்டுக்கு முன்னாடியே ஒரு வாய் போட்டுக்க." கூடை சுமந்து நடந்த கால்கள் சொன்ன கணக்கு அது. ஏறிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பஞ்சர் விஷயம் கொஞ்சம் அவமானமானது. பத்து வருஷமாக சைக்கிள் ஓட்டுகிறேனே தவிர, ஒரு பஞ்சரும் ஒட்டியதில்லை. ரோடு முழுக்கத் தெரிந்த கடை. நான் டீ குடித்து முடிப்பதற்குள் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். அண்ணன் என்னை மணலில் உட்கார வைத்து, என் டியூபில் அவரே ஊசியால் குத்தி, "ஒட்டு" என்பார். ஒட்டினால் இன்னொரு இடத்தில் குத்துவார். கடலில் இருந்து வந்து, தூங்குவதற்கு முன்னால், தினமும் ஒரு மணி நேரம். ஒரு பஞ்சருக்குக்கூட அவர் முகம் சுளிக்கவில்லை. நான்தான் சுளித்தேன். கடைசியில் என் டியூபில் ரப்பரைவிட ஒட்டுத்தான் அதிகம் இருந்தது.

எல்லாம் ஆயிற்று. ஒன்று மட்டும் ஆகவில்லை. பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மத்தியானம், நான் கோரிமேடு ஏறி இறங்கி மூச்சு வாங்க வந்து நின்றேன். மனைவி ஒரு சொம்பை நீட்டினாள்.

"இந்தாய்யா, மோரு."

"வேணாம்" என்றேன். எனக்குப் புரிந்துவிட்டது, பரீட்சை.

"வெயில்ல வந்துருக்க. ஒரு வாய்."

"வேணாம்மா."

"நான் குடுத்துக் குடிக்க மாட்டியா? என் கையால குடுத்தா ஆவாதா? சரி, நான் யாரு உனக்கு."

அவள் குரல் அப்படி உடைந்தது. நான் வாங்கிக் குடித்துவிட்டேன். சொம்பு காலியான பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இப்பிடித்தான் கேப்பாங்க ஒவ்வொருத்தரும். உன்னால வேணாம்னு சொல்ல முடியாது. விழுப்புரத்துலேர்ந்து இங்க வரைக்கும் எத்தினி வூடு?"

எண்ணிப் பார்த்தேன். கோலியனூரில் இரண்டு, வளவனூரில் ஐந்து, கண்டமங்கலத்தில் மூன்று, வில்லியனூரில் சொல்லவே வேண்டாம். டீக்கடைகளும் அப்படித்தான். என்னிடம் காசு வாங்க மாட்டார்கள். மற்ற பந்தயக்காரர்களுக்கு அந்த ரோடு வெறும் ரோடு. எனக்கு அது இருபத்தைந்து மைல் நீளத்துக்கு ஒரு விருந்து.

"உன்னைத் திருத்த முடியாது. ரோட்டைத்தான் திருத்தணும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

அந்த மூன்று வாரமும் அவள் ரயிலில் போய் இறங்கின இடத்திலெல்லாம், மீனை எடுத்துப் போட்ட கையோடு, வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். இன்ன தேதி ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் இந்த வழியாக வருவார், அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் வந்து எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லுவாள்.

கண்டமங்கலத்தில் ஒருத்தர், "ஏம்மா, உங்களுக்குள்ள எதாச்சும் சண்டையா?" என்று கேட்டாராம்.

கோலியனூரில், "வேண்டுதலா? எந்தக் கோயிலுக்கு?" ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இவள் பொய் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்து பந்தயச் சட்டம் முழுவதையும் விளக்கியிருக்கிறாள். கேட்டுவிட்டு அந்த வீட்டுக்காரர், "தண்ணி குடுக்கக் கூடாதுன்னு ஒரு சட்டமா? யாரு அந்தச் சொல்தா, எனக்குக் காட்டு" என்று எழுந்துவிட்டாராம்.

வளவனூர் அம்மாள் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனாள். போன வருஷம் நடந்ததன் அர்த்தம் அந்த அம்மாளுக்கு அதுவரை தெரியாது. நான் சொன்னதில்லை. அதற்கப்புறமும் வாரத்துக்கு இரண்டு நாள் அவர் வீட்டில் மோர் குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

"கூடையையே பாத்துட்டு இருந்தாங்க. அப்பறம், 'அப்போ நான்தான் கெடுத்தனா'ன்னாங்க. மீன் வாங்கலை இன்னிக்கி."

அன்று ராத்திரி கடற்கரையில் போய்ப் பேரை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனைவி, "எடுத்தீன்னா அந்தம்மா கெடுத்தது கெடுத்ததாவே இருக்கும்" என்றாள்.

பந்தயத்தின் முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திண்டிவனத்திலேயே இளவட்டங்கள் கண்ணுக்கு மறைந்தார்கள். செஞ்சிக்கு அந்தப் பக்கம் பஞ்சர், நானே ஒட்டினேன். ஒட்டிவிட்டு, குத்த யாராவது இருக்கிறார்களா என்று பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ராத்திரி சத்திரத்துத் திண்ணையில் எல்லோரும் கொசுவோடு போராட, நான் பை தைத்தது போக மிஞ்சிய பாய்த்துணிக்குள் புகுந்து தூங்கினேன். கடல் நாற்றத்துக்குக் கொசு வரவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் விழுப்புரத்தைத் தாண்டினேன். குடுவையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கோலியனூர் கிணற்றில் இறைத்துக்கொள்ளலாம் என்று போனால், சண்டைக்கு எழுந்தாரே, அந்த வீட்டுக்காரர் கிணற்றடியில் நிற்கிறார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். என் கயிறு சகடையில் மாட்டிக்கொண்டு நான் திண்டாடியபோது அவர் உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்தது. கை மட்டும் வரவில்லை.

"இந்தப் பக்கம் இழு" என்றார். உடனே, "வாயால சொன்னா பரவால்லியா?" என்று பயந்து கேட்டார். இறைத்த தண்ணீர் வளவனூர் வரைக்கும்கூட வரவில்லை.

டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரோட்டோரம் ஆட்கள் நின்றார்கள், யாரும் கூப்பிடவில்லை. என் பேரைச் சொல்லக்கூடப் பயந்தார்கள். பத்து வருஷமாக என்னை ஒரு நாளும் வெறும் வாயோடு அனுப்பாத ஜனம், கையைக் கட்டிக்கொண்டு, நான் நாக்கு வறண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குக் கொடுத்த அத்தனை மோரைவிட அவர்களுக்கு அது கஷ்டமாக இருந்தது முகத்தில் தெரிந்தது.

வளவனூரில் அந்த அம்மாள் வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பவே இல்லை. நான் தாண்டிப் போகும்போது, எதிர் வீட்டைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"அவரு கேட்டாலும் குடுக்காதீங்க. காலுல வுழுந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்த சொல்தா அன்று என்னை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் கூடவே வந்தார். "முசியே, இந்த ஊர்ல எல்லாருக்கும் உங்க மேல கோவமா?" என்று கேட்டார். பேச எச்சில் இல்லாததால் தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாம் மாதிரி இருந்திருக்கும்.

கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பின்னால் ஒருவர்தான் பாக்கி. அவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் பேருக்கு நேரே சொல்தா கோடு போடவில்லை, நேரத்தை எழுதினார். அண்ணன் வந்திருந்தார். என் சைக்கிளை வாங்கி, கரைக்கு வந்த கட்டுமரத்தைத் தள்ளுகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

செவ்வாய்க்கிழமை கூடையைக் கட்டிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினேன். வில்லியனூரிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு சொம்பு. கண்டமங்கலத்தில் மூன்று. டீக்கடையில் பால் தனியாக. வேணாம் என்று சொல்ல ஒரு இடத்திலும் துணிவு வரவில்லை, எல்லோரும் ஒரு கடனைத் திருப்பித் தருகிற முகத்தோடு நின்றார்கள். வளவனூர் போய்ச் சேரும்போது வயிறு டமாரம் மாதிரி இருந்தது.

அந்த அம்மாள் சொம்போடு வந்தார். நீட்டாமல் முதலில் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அந்த மோட்டார் வண்டிக்காரரு இல்லியே?"

"இல்லீங்க. முடிஞ்சுபோச்சு. வந்து சேந்துட்டேன்."

"நெசமா?"

"நெசமா. கடைசிக்கு முந்தி."

அவர் சொம்பை நீட்டினார். இன்னும் ஒரு வாய் உள்ளே போனால் வெடித்துவிடும் என்று தெரிந்தும் வாங்கி அண்ணாந்தேன். கூடையில் மீன் வெயிலில் கெட்டுக்கொண்டிருந்தது. அவர் நான் குடிப்பதையே, கடைசிச் சொட்டு வரைக்கும், பார்த்துக்கொண்டு நின்றார்.