கடலில் இறங்காத மோட்டல்காரர்

பிள்ளைகளே, நியூ ஜெர்சி கடற்கரையில் சின்னதாக ஒரு மோட்டல் நடத்தும் தமிழர் ஒருவரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர். கண்ணாடி எப்போதும் நெற்றிக்கு ஏறியிருக்கும். யார் எது கேட்டாலும், ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ஜூலையில் ஒரு வார இறுதிக்கு அங்கே அறை எடுத்திருந்தோம். சனிக்கிழமை விடிந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போனது. நானும் மகளோடு சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“நீங்களுமா சார்?” என்றார்.

“எங்க வீடு வெஸ்ட் வின்ட்சர்லதானே, பக்கம்தான். வெயில் வந்தா திரும்ப வர்றோம்.”

அவர் வானத்தைப் பார்த்தார். “எங்களுக்கு வருஷங்கிறதே இந்த சம்மர்தான் சார். நானு, ரூம் கிளீன் பண்றவங்க, எதிர்த்த ஐஸ்கிரீம் கடைக்காரர், எல்லாரும் இதை வெச்சுத்தான் விண்டரைத் தாண்டணும். போன சம்மர் மழையிலயே போச்சு. இதுவும் போனா மோட்டலை வித்துட வேண்டியதுதான்.”

“அங்கிள், டூ யூ கோ டு த பீச் எவ்ரி டே?” என்று கேட்டாள் என் மகள்.

“வெயிலடிச்சா நீங்கல்லாம் வந்துடுவீங்களே பாப்பா. கவுன்ட்டரை விட்டு நான் எங்க போறது?”

“பட் டுடே நோபடி இஸ் ஹியர்!”

“இன்னைக்குப் போனா கடல் மேல கோபம்தான்மா வரும்” என்று சிரித்தார்.

காரை எடுக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அறை காலியில்லை என்று வாசலில் எரிந்துகொண்டிருந்த ‘நோ வேகன்சி’ விளக்கில் ‘நோ’ மட்டும் அணைந்தது.

இப்போதெல்லாம் கோடைச் சனிக்கிழமைகளில் நானும் வானத்தைப் பார்க்கிறேன். அந்த ‘நோ’ மறுபடி எரிந்ததா என்று எனக்குத் தெரியாது.