பரணில் சொல்லக்கூடாத சொல்

புல் கூரையின் மேல் மழை விழுந்தால் முதலில் சத்தம் வராது, வாசனைதான் வரும். காய்ந்த புல் முதல் ஈரத்தைக் குடிக்கும்போது எழும் அந்த வாசனை, பழைய பாயையும் அடுப்புப் புகையையும் ஆட்டுக்குட்டியின் முதுகையும் சேர்த்து முகர்ந்தது போல இருக்கும். அது மூக்கில் ஏறிய பிறகுதான் வெளியே தூறல் விழுவதே எங்களுக்குத் தெரியும். மலை மேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அப்படியொரு கூரையின் கீழ்தான் நடந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அந்த வாசனை வந்தால் குளிரும், பசிக்கும். எனக்குக் கால் கிளம்பிவிடும். வாய் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும், கை சிலேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், முட்டிக்குக் கீழே மட்டும் யாரோ ஏவி விட்டது போலத் தரையைத் தட்டத் தொடங்கும். அடுத்த மூச்சில் நான் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மலைக்கு ரோடும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. சேந்தமங்கலம் சந்தைக்குப் போகிறவர்கள் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஏறுவார்கள். அந்த ஐப்பசியில் விடாமல் பெய்த மழைக்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவு ஒரு பகல் வேளையில் அப்படியே வழுக்கி இறங்கிவிட்டது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கூழ் குடிக்க மத்தியானம் வந்து, பாதை திரும்பும் இடத்தில் நிற்கும் பலா மரத்தடியிலிருந்து பார்த்தால், வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. ஆட்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டே என் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவோ ஓடைக்கு அந்தப் பக்கம் கிழங்கு தோண்டப் போயிருக்கிறாள். ஓடை பெருகிவிட்டதால் இக்கரைக்கு வர வழியில்லாமல் நின்றிருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஈரச் சேலையோடு அவள் நடந்து வந்தபோது ஊரே சிரித்தது, அழுதது. மண்ணுக்குள் போனவை எங்கள் வெள்ளாடுகள் மட்டும்தான். “தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு” என்று சொல்லி ஊர்ச்சாமிக்குச் சேவல் அறுத்தார்கள். எல்லோரும் கூடி, சரிவே இல்லாத ஒரு மேட்டில் எங்களுக்கு வேறு வீடு கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் சனம் அப்படித்தான். ஒருவன் வீடு விழுந்தால் அத்தனை பேர் கையிலும் மண் ஒட்டும்.

ஆனால் அந்த மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும் வரைக்கும் எனக்கு அம்மா இல்லை. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. “அதான் ஒண்ணும் ஆவலையே கண்ணு, அப்புறம் என்ன?” என்பார்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மலைக்குக் காது உண்டு, பேசினால் திரும்பவும் வரும் என்பது பெரியவர்கள் சொல். அதனால் ‘அன்னைக்கு’ என்று மட்டும் சொல்வார்கள், சொல்லிவிட்டு மேலே மலையைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைதான் எனக்குப் பெரிய பயம்.

எங்கள் வாத்தியார் சேந்தமங்கலத்துக்காரர், அங்கே கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ஊர் அவரை ‘சாயபு வாத்தியார்’ என்று கூப்பிடும். வியாழக்கிழமை மத்தியானம் மலை இறங்குவார், வெள்ளிக்கிழமைத் தொழுகையை முடித்துவிட்டுச் சனிக்கிழமை வியர்க்க விறுவிறுக்க ஏறி வருவார். அதனால் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. பிரம்பு வைத்திருந்தார், எடுத்ததில்லை என்று சொல்ல மாட்டேன். என் மேல் எடுக்கவில்லை. என் கையைப் பிடித்து மடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல தம்பி, பயப்படாதே, ஒண்ணுமில்ல” என்பார். அவர் ஒவ்வொரு முறை ‘ஒண்ணுமில்ல’ என்னும்போதும் என் கண்ணில் அந்தச் சிவப்பு மண்தான் நிற்கும். அங்கேயும்தான் ஒன்றுமில்லாமல் இருந்தது. உடனே கையை உருவிக்கொண்டு ஓடிவிடுவேன். பலா மரத்தடிக்குப் போய், மேட்டில் புது வீடு நிற்கிறதா, வாசலில் அம்மா நடமாடுகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். திரும்பி வர வெட்கமாக இருக்கும், வரமாட்டேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். மலையைக் கண்டு பயப்படுகிற பிள்ளையை மலை இல்லாத இடத்தில் விட்டுவிட வேண்டியதுதானே? என் மாமன் முள்ளுக்குறிச்சியில் தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். “சமதரையில ஏதுடா சரிவு? கேவுரு அறுப்பு முடியட்டும், கொண்டுபோயி மாமன் ஊட்டுல உட்டுட்டு வந்துர்றேன்” என்றார். மலைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. பயம் மண்ணில் இருக்கிறது, மண்ணை மாற்றினால் போய்விடும் என்று நம்புவது. எனக்கு மலை பயமில்லை. அம்மாவை விட்டுத் தள்ளி இருக்கும்போது என்னவாகுமோ என்பதுதான் பயம். பள்ளிக்கூடத்து வாசலுக்கும் வீட்டுக்கும் இடையில் கிடக்கும் அந்தத் துண்டுப் பாதையையே தாங்க முடியாதவனை, மலைக்குக் கீழே கொண்டுபோய் விடப் போகிறார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கால்தான் பேசியது, அது பேசினால் அப்பாவின் முடிவு இன்னும் இறுகியது.

வெள்ளச்சியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண், என்னைவிடப் பெரியவள். கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வருவாள், ஏனென்றால் அவள் வந்தால் அவனும் வந்தாக வேண்டும். வாய்க்கு வரி கட்டாதவள். “ஏண்டா சடையா, உன்ற காலுல எறும்பு புத்து வெச்சிருக்குதா?” என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவளும் அவள்தான், ஒருநாள் நான் ஓடியபோது பின்னாலேயே வந்து, பலா மரத்தடியில் மூச்சு வாங்க நின்றவளும் அவள்தான்.

“என்னடா தெரியுது?” என்றாள்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. வீடு தெரிகிறது என்றேன். புகை வருதா? வருது. உங்கம்மா? அதோ, சேலை தெரியுது. “செரி, வா” என்று தம்பியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் ஓடிப்போன பள்ளிக்கூடத்துக்கு அதே நாளில் திரும்பி வந்தது.

அவள் கேட்டது பரண் காவல் கேள்வி. கேழ்வரகு முற்றும் பருவத்தில் எங்கள் காடுகளில் பரண் கட்டிக் காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பார்கள். எப்போதும் இரண்டு பேர். ஒருவனுக்கு ஏதோ அசைந்தது போலத் தோன்றினால் மற்றவன் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லக் கூடாது. அது பரணில் சொல்லக்கூடாத சொல். சொல்லிவிட்டுப் படுத்தால் விடியும்போது காடு காலியாகியிருக்கும். “எங்க? எந்தப் பக்கம்? பெருசா, சிறுசா?” என்று கேட்க வேண்டும், பிறகு ஒருவன் கொள்ளிக்கட்டையோடு இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததைப் பார்த்தபடி வந்து சொல்ல வேண்டும். வெள்ளச்சி அவள் அப்பாவோடு பரணில் உட்கார்ந்து வளர்ந்தவள். மறுநாள் வாத்தியாரிடம் போய் நின்றாள்.

“ஏனுங்க வாத்தியாரே, மழ வாசம் வந்தா நம்மள்ல ஒருத்தரு பலா மரம் வரைக்கும் போயிப் பாத்துட்டு வந்து இவங்கிட்டச் சொல்லலாமுங்களா? இவன் உக்காந்திருக்கட்டும்.”

“பள்ளிக்கூடமா புள்ளே இது, பரண் காவலா?” என்று வாத்தியார் சத்தம் போட்டார். போட்டுவிட்டு என் காலைப் பார்த்தார். “செரி, போறவன் ஓணான் அடிக்க நின்னுறக் கூடாது” என்றார்.

அப்புறம் என்ன, மழை வாசத்துக்காகப் பள்ளிக்கூடமே காத்திருந்தது! பாடத்திலிருந்து எழுந்து ஓட யாருக்குத்தான் கசக்கும்? “நான் போறனுங்க, நான் போறனுங்க” என்று போட்டி. போனவன் நனைந்து வந்து, “உங்கம்மா கோழியத் தொரத்துறாங்க”, “உங்கம்மா கூர மேல வெறகு காயப் போட்டத எடுக்கறாங்க” என்று சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, என் கால் தட்டித் தட்டி ஓயும். நிற்கவில்லைதான், ஆனால் வாசலைத் தாண்டவில்லை.

கெட்டது ஒரு நல்ல மனசால்தான். பக்கத்துத் தெருக் குப்பன், என் வயதுப் பையன், இளகிய மனம். அவன் முறை வந்தபோது மழை கொட்டியது. பாதி வழியில் ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றுவிட்டுத் திரும்பி வந்து, நான் நிம்மதியாக இருக்கட்டும் என்று, “உங்கம்மா ஊட்டுல கேவுரு திரிக்கறாங்கடா” என்றான். எங்கள் வீட்டுத் திரிகை ‘அன்னைக்கு’ மண்ணோடு போனது. புதுசு இன்னும் வாங்கவில்லை. பொய் என்று தெரிந்த மாத்திரத்தில், எதை மறைக்கப் பொய் சொல்கிறான் என்று என் தலைக்குள் மலையே இறங்கிவிட்டது. வாத்தியார், வெள்ளச்சி, பெஞ்சு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஓடினேன். அம்மா நன்றாகத்தான் இருந்தாள். சாயங்காலம் அப்பா அறிவித்தார்: அறுப்பு நாளைக்கு முடிகிறது, மறுநாள் கிளம்ப வேண்டியது. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவன் இங்க இருந்தா பைத்தியம் புடிச்சிரும்” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குப்பனை வெள்ளச்சி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. “பாக்கலீன்னா பாக்கலீன்னு சொல்லுடா! பரண்ல இப்படிச் சொல்லியிருந்தீன்னா உன்ன எங்கப்பன் பன்னிக்கே போட்டிருப்பான்” என்பது அதில் மென்மையானது.

கிளம்ப வேண்டிய அன்று அப்பா என்னைக் கூட்டிப்போக நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு அம்மா பின்னால் வருவதாக ஏற்பாடு. வாத்தியாரிடம் அவர் சொல்லிக்கொள்வதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளச்சி எழுந்தாள். “மாமா, கொஞ்சம் பொறுங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த தம்பியை என் மடியில் வைத்தாள். “இவனப் புடிச்சுக்க. நான் போயிப் பாத்துட்டு வாரேன்.”

அவள் திரும்பி வரும் வரையில் எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. பாவாடை நனைந்து காலோடு ஒட்ட, வாசலில் நின்று சொன்னாள்: “ஊடு நிக்குது. கதவு சாத்தியிருக்குது. பொக வரல. உங்கம்மாவ நான் பாக்கல.”

அப்பா, “ஒண்ணுமி...” என்று தொடங்கினார். “சொல்லாதீங்க மாமா” என்றாள் வெள்ளச்சி. பெரியவரைப் பார்த்து அப்படிச் சொன்னதற்கு வேறு நாளாக இருந்தால் அடி விழுந்திருக்கும்.

வாத்தியார்தான் அடுத்துக் கேட்டார்: “வேற என்ன பாத்தே?”

“ஊடு வரைக்கும் போனனுங்க. வாசச் சேத்துல காலடி இருக்குதுங்க. புதுசு. மேக்காலக் காட்டுப் பக்கமாப் போவுது.”

என் கால்கள் தட்டின. எப்போதையும் விட வேகமாகத் தட்டின. ஆனால் சொன்னது முழுக்க உண்மை என்று எனக்குத் தெரிந்தது; கசப்பாக இருந்தாலும் கையில் பிடித்துக்கொள்ள அது இருந்தது. கதவு சாத்தியிருக்கிறது. காலடி மேற்கே போகிறது. மேற்குக் காட்டு வழியாகவும் பள்ளிக்கூடத்துக்கு வரலாம். இவ்வளவையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் இருந்த குழந்தை, என் முட்டி குதித்த குதியில், நான் குதிரை ஆட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிக்கத் தொடங்கியது. நான் நடுங்க நடுங்க அது சிரித்தது. முதலில் குப்பன் சிரித்தான், பிறகு வாத்தியார் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

மேற்குப் பக்கத்திலிருந்து மூட்டையும் கையுமாக அம்மா வந்து நின்றபோது நான் அதே இடத்தில் இருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். “அத ஏன் நனச்சுக்கிட்டு நிக்கற? ஊட்டுக்கு எடுத்துட்டுப் போ” என்றார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ மழைக்கு என் கால் தட்டியிருக்கிறது. ஆனால் மாமன் வீட்டுப் பேச்சு எழவில்லை. அந்த மழைக்காலம் முடியும் மட்டும் யாராவது ஒருவர் பலா மரம் வரை போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது அந்த இடத்தில் கான்கிரீட் பள்ளிக்கூடம். பிள்ளைகளின் மனசைக் கேட்பதற்கென்றே படித்த ஒரு பெண் கீழேயிருந்து பஸ்ஸில் வருகிறாள்; அவளுக்குத் திரை போட்ட ஒரு சிறு அறை. பெரிய காரியம், எங்கள் காலத்தில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. புல் கூரை போயிற்று, அதோடு அந்த வாசனையும் போயிற்று. கான்கிரீட்டில் முதலில் சத்தம்தான் வருகிறது. கேழ்வரகு இருந்த காடெல்லாம் மரவள்ளி, சுற்றிலும் கரண்ட் கம்பி. பரண் எங்கும் இல்லை. ‘ஒண்ணுமில்ல’ என்ற சொல்லை இன்று யாரும் யாரிடமும் சொல்லலாம், ஆஸ்பத்திரியில்கூடச் சொல்கிறார்கள்.

வெள்ளச்சி படுக்கையில் விழுந்த காலத்தில் பார்க்கப் போயிருந்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும், “ஒண்ணுமில்ல ஆயா, நல்லாயிரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவள், என் குரல் கேட்டதும் திறந்தாள். “வெளிய என்னடா தெரியுது?” என்றாள். நான் எழுந்து வாசலுக்குப் போய் நன்றாகப் பார்த்தேன். திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னேன்: பனி இறங்கியிருக்கிறது, பாதை பாதிக்கு மேல் தெரியவில்லை, உன் தம்பி இன்னும் வரவில்லை, நாய் மட்டும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறது. “செரி” என்று தலையை ஆட்டினாள். பிறகு தலையைச் சாய்த்துக் கீழே பார்த்து, பொக்கை வாயால் சிரித்தாள்.

“இன்னும் நிக்கலையாடா அது?”

குனிந்து பார்த்தேன். கால் தட்டிக்கொண்டிருந்தது.